யார் மண்ணில் நடக்கிறோம்?

வெள்ளிக்கிழமை மாலை ஆனால் சியாட்டில் பக்கத்துத் தமிழ் வாட்ஸாப் குழுக்களில் ஒரே கேள்விதான் ஓடும்: "நாளைக்குப் போற டிரெயிலுக்கு எந்த பாஸ் வேணும்? டிஸ்கவரா, ஃபாரஸ்ட்டா?" ஒருவர் பதில் போடுவார், இன்னொருவர் மறுப்பார், கடைசியில் "எதுக்கும் ரெண்டையும் மாட்டிடுங்க" என்று பேச்சு முடியும். டிஸ்கவர் பாஸ் மாநில அரசின் நிலங்களில் வண்டி நிறுத்த, ஃபாரஸ்ட் பாஸ் மத்திய அரசின் தேசியக் காடுகளில் நிறுத்த. பார்க்கப் போனால் பார்க்கிங் பற்றிய கேள்வி. ஆனால் அது அந்த நிலம் யாருடையது என்ற கேள்வியும்கூட. வாஷிங்டன் மாநிலத்தில் மலையேறுகிற, முகாம் போடுகிற, ஏரிக்கரையில் குழந்தைகளை விளையாட விடுகிற எல்லோரும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நான் நினைக்கிறேன். ஏனென்றால், நாம் வார இறுதியில் நடக்கும் மண்ணில் பெரும்பகுதி நடப்பதற்காக ஒதுக்கப்பட்டதே இல்லை. மரம் வெட்ட, பள்ளிக்கூடம் கட்ட, குடிநீர் சேர்க்க, ரயில் விட என்று வேறு வேறு காரணங்களுக்காக யார் யார் கைக்கோ போன நிலம் அது. அதில் நடந்துபோக நமக்கு இடம் விட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

ஐ-90 நெடுஞ்சாலையில் பெல்வியூவிலிருந்து கிழக்கே ஒரு மணி நேரம் ஓட்டினாலே முழுக் கதையும் கிடைத்துவிடும்.

வலதுகைப் பக்கம் முதலில் வருவது கூகர் மலை. இது கிங் கவுன்ட்டியின் சொத்து (கவுன்ட்டி என்பது நம் ஊர் மாவட்டம் மாதிரி). மூவாயிரம் ஏக்கருக்கு மேல். ஒரு காலத்தில் நிலக்கரிச் சுரங்கம், பனிப்போர் காலத்தில் உச்சியில் ஏவுகணைத் தளம், இப்போது காடு. பாஸ் எதுவும் வேண்டாம், வண்டியை நிறுத்திவிட்டு நடக்கலாம். அடுத்தது ஸ்குவாக் மலை. இது மாநிலப் பூங்கா, டிஸ்கவர் பாஸ் வேண்டும். அதற்கடுத்த டைகர் மலையில் நாம் நடக்கும் பாதைகளில் பெரும்பாலானவை டிஎன்ஆர் என்று எல்லோரும் சொல்லும் மாநில இயற்கை வளத் துறையுடையவை. அங்கும் டிஸ்கவர் பாஸ்தான். ஆனால் அந்தத் துறையின் முதல் வேலை பூங்கா நடத்துவது அல்ல. மூன்று மலையும் அடுத்தடுத்து நிற்கின்றன. ஒரே மழை, ஒரே டக்ளஸ் ஃபர் மரம், ஒரே சேறு. சொந்தக்காரர் மட்டும் மூன்று பேர்.

ஸ்குவாக் மலையில் ஒரு விசேஷம் உண்டு. ஏறிக்கொண்டே போனால் உச்சிக்குப் பக்கத்தில், நடுக்காட்டில், சுவரும் கூரையும் இல்லாமல் ஒரு கல் கணப்படுப்பு தனியாக நிற்கும். புகைபோக்கியில் பாசி படர்ந்திருக்கும். சியாட்டிலைச் சேர்ந்த புல்லிட் குடும்பத்தின் கோடைக்கால வீடு அங்கே இருந்தது. 1972இல் அந்தக் குடும்பம் மலையின் நடுப்பகுதியில் 590 ஏக்கரை மாநிலத்துக்குக் கொடுத்தது, அதை இயற்கையாகவே விட்டுவைக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. அந்தப் பூங்காவில் இன்றும் பெரிய கட்டுமானங்கள் இல்லாததற்கு அந்த நிபந்தனைதான் காரணம். மாநிலப் பூங்காக்களின் தொடக்கமே இப்படித்தான். 1915இல் லாரபி குடும்பம் கொடுத்த 20 ஏக்கர்தான் முதல் மாநிலப் பூங்கா. ஓர்க்காஸ் தீவில் இருக்கும் மோரன் பூங்கா, கப்பல் கட்டிச் சம்பாதித்த ராபர்ட் மோரன் 1921இல் கொடுத்தது. 1930களின் பொருளாதார வீழ்ச்சியில் வேலையில்லாத இளைஞர்களைக் கொண்டு மத்திய அரசு கட்டிய கல் சமையற்கூடங்கள் டிசெப்ஷன் பாஸ் என்ற பூங்காவிலும் மோரனிலும் இன்றும் உறுதியாக நிற்கின்றன. மழை நாளில் அடுப்பு மூட்டி உட்கார அவற்றைப்போல ஒரு இடம் கிடையாது.

சரி, சாலைக்கு வருவோம். 32ஆம் வெளிவழியில் இறங்கினால் ராட்டில்ஸ்னேக் ஏரி. ஊரிலிருந்து அப்பா அம்மா வந்தால் நம்மில் பாதிப்பேர் முதலில் கூட்டிப்போகும் இடம். இங்கே பாஸ் கேட்க மாட்டார்கள். காரணம், ஏரிக்கரை சியாட்டில் நகரக் குடிநீர் நிறுவனத்துடையது. ஏரி உண்டான கதையும் தண்ணீர்க் கதைதான். சீடர் ஆற்றில் நகரம் கட்டிய அணையிலிருந்து தண்ணீர் மண்ணுக்குள் கசிந்து, 1915இல் பக்கத்தில் இருந்த மாங்க்டன் என்ற சிற்றூரையே மூழ்கடித்தது. மக்கள் வெளியேறினார்கள், ஊர் ஏரிக்கு அடியில் போயிற்று. தண்ணீர் வற்றும் மாதங்களில் வெட்டிய பழைய மரங்களின் அடிக்கட்டைகள் வரிசையாக வெளியே தெரியும். குழந்தைகள் அவற்றின் மேல் ஏறி நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். அந்த ஏரிக்குப் பின்னால் வேலி தொடங்குகிறது. 90,000 ஏக்கருக்கு மேற்பட்ட சீடர் ஆற்று நீர்ப்பிடிப்புப் பகுதி, பொதுமக்களுக்கு அனுமதி இல்லாத காடு. சியாட்டில் வட்டாரம் குடிக்கும் தண்ணீரில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு அங்கிருந்துதான் வருகிறது, அதுவும் வடிகட்ட வேண்டாத தண்ணீர். பொதுச் சொத்து என்பதாலேயே எல்லாமே திறந்திருக்க வேண்டும் என்று வாதாடுகிறவர்களுக்கு நான் இந்த வேலியைத்தான் காட்டுவேன். மூடி வைத்ததால்தான் அது எல்லோருக்கும் பயன்படுகிறது.

34ஆம் வெளிவழி இன்னும் நல்ல பாடம். வலதுபுறம் திரும்பினால் ட்வின் ஃபால்ஸ், மாநிலப் பூங்கா. இடதுபுறம் திரும்பினால் மெயில்பாக்ஸ் சிகரம், டிஎன்ஆர். அதே சாலையில் ஆற்றோரமாக மேலே போய்க்கொண்டே இருந்தால், எந்த வளைவில் என்று தெரியாமலே மத்திய அரசின் தேசியக் காட்டுக்குள் நுழைந்துவிடுவீர்கள். அங்கே டிஸ்கவர் பாஸ் செல்லாது, நார்த்வெஸ்ட் ஃபாரஸ்ட் பாஸ் வேண்டும். ஒரே வெளிவழி, மூன்று சொந்தக்காரர்கள். இதில் குழம்பிப்போய் டிஸ்கவர் பாஸ் இல்லாமல் நிறுத்திவிட்டு 99 டாலர் அபராதச் சீட்டோடு வீடு திரும்பிய நண்பர்கள் எல்லோருக்கும் இருப்பார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். இந்த எல்லைகளைத் தரையில் பார்த்துக் கண்டுபிடிக்க வழியே இல்லை.

ஸ்னோகுவால்மி மலைக்கணவாய் உச்சியில், 52ஆம் வெளிவழியில், ஸ்னோ ஏரிக்குப் போகும் பாதை. தேசியக் காட்டில் தொடங்கி ஆல்பைன் லேக்ஸ் வனப்பகுதிக்குள் போகிறது. அந்த வனப்பகுதியை 1976இல் சட்டம் போட்டுக் காத்தார்கள். உள்ளே சாலை கூடாது, மோட்டார் வண்டி கூடாது, சைக்கிள்கூடக் கூடாது. ஒரு குழுவில் 12 பேருக்கு மேல் போகக் கூடாது என்ற விதியும் உண்டு. சங்கம் சார்பாக ஐம்பது பேர் சேர்ந்து கிளம்புகிறவர்கள் தயவுசெய்து இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அத்தனை பேருக்கு கூகர் மலை இருக்கிறது, மேரிமூர் இருக்கிறது. நம்மவர்கள் கிரிக்கெட் ஆடும் அந்த மேரிமூர் பூங்காவும் கவுன்ட்டி சொத்துதான், 640 ஏக்கர்.

கணக்கையும் ஒரு தடவை பார்த்துவிடலாம். மாநிலத்தின் மொத்த நிலம் சுமார் 4.27 கோடி ஏக்கர். அதில் கிட்டத்தட்ட 28 சதவீதம் மத்திய அரசுடையது. அதிலும் 90 லட்சம் ஏக்கருக்கு மேல் தேசியக் காடு. எல்லோருக்கும் பெயர் தெரிந்த மவுன்ட் ரெய்னியர், ஒலிம்பிக், நார்த் காஸ்கேட்ஸ் ஆகிய மூன்று தேசியப் பூங்காக்களையும் சேர்த்தாலும் 20 லட்சம் ஏக்கரைத் தொடாது. மாநில இயற்கை வளத் துறையிடம் சுமார் 30 லட்சம் ஏக்கர். மாநில மீன், வனவிலங்குத் துறையிடம் சுமார் 10 லட்சம். மாநிலப் பூங்காத் துறையிடம் எவ்வளவு தெரியுமா? சுமார் 1,20,000 ஏக்கர். பொழுதுபோக்குக்காகவே உண்டான துறையிடம்தான் இருப்பதிலேயே குறைவான நிலம்.

அந்த 30 லட்சம் ஏக்கரைப் பற்றித்தான் அதிகம் பேச வேண்டும்.

1889இல் வாஷிங்டன் மாநிலமானபோது, மத்திய அரசு ஒரு சீர் கொடுத்து அனுப்பியது. நிலத்தை ஆறு மைலுக்கு ஆறு மைல் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் 36 சதுர மைல்களுக்கு எண் போட்டிருந்தார்கள். அதில் 16ஆம் எண்ணும் 36ஆம் எண்ணும் பள்ளிக்கூடங்களுக்கு. இவை தவிரப் பல்கலைக்கழகத்துக்கு, தலைமைச் செயலகக் கட்டடத்துக்கு, சிறைச்சாலைக்கு என்று தனித்தனி ஒதுக்கீடு. நம் ஊர்க் கோயில் மானிய நிலத்தை நினைத்துக்கொண்டால் உடனே புரியும். நிலம் சாமி பேரில் இருக்கும், விளைச்சல் விளக்குக்கும் பூசைக்கும் போகும், நிர்வாகி அதை வேறு எதற்கும் செலவழிக்க முடியாது. இங்கே அதை அறக்கட்டளை நிலம் என்கிறார்கள், விளைச்சல் என்பது மரம். டிஎன்ஆர் மரத்தை ஏலம் விடும், பணம் பள்ளிக்கூடம் கட்டப் போகும்.

இன்னொரு வகை நிலமும் அவர்களிடம் இருக்கிறது. 1920களிலும் 30களிலும் மரக் கம்பெனிகள் மலையை மொட்டையடித்துவிட்டு, வரி கட்டாமல் கைவிட்டுப் போயின. கவுன்ட்டிகள் வரி பாக்கிக்காக அந்த நிலத்தை எடுத்துக்கொண்டன. அடிக்கட்டைகளை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் மாநிலத்திடம் ஒப்படைத்தன. மாநிலம் மீண்டும் காடு வளர்த்தது. அந்தக் காடுகளின் வருமானம் இன்றும் அந்தந்த கவுன்ட்டிக்கும் அங்குள்ள தீயணைப்பு, நூலக மாவட்டங்களுக்கும் போகிறது. யாருக்கும் வேண்டாத நிலமாக வந்துசேர்ந்த அதே காடுகளில்தான் இன்று சனிக்கிழமை காலை எட்டு மணிக்கே நிறுத்த இடம் கிடைப்பதில்லை.

இந்த நிலத்தில் நடைபாதை வந்தது பின்னால். 1971இல் மாநிலச் சட்டமன்றம் ஒரு சட்டம் போட்டது: அறக்கட்டளையின் நோக்கத்துக்கு ஒத்துவரும் இடங்களில் பொதுமக்கள் பொழுதுபோக்குக்கும் இடம் கொடுக்கலாம் என்று. கவனியுங்கள், "ஒத்துவந்தால்". அதனால்தான் டிஎன்ஆர் காடுகளில் நடக்கும்போது சில சமயம் பாதையோர மரத்தில் 'மர விற்பனை எல்லை' என்று அச்சடித்த சின்ன வெள்ளை அட்டை அடித்திருப்பதைப் பார்க்கிறோம். முதல்முறை பார்த்தபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது. கையை வைத்தால் கட்டிப்பிடிக்க முடியாத பருமன், அதன் மேல் அட்டை. அப்புறம் படித்துத் தெரிந்துகொண்டேன். அது திருட்டு அல்ல, அந்த நிலத்தின் வேலையே அதுதான். என் குழந்தை படிக்கும் பள்ளியின் புதுக் கட்டடத்தில் அப்படியொரு காட்டின் பணமும் இருக்கலாம்.

இருந்தாலும், வெட்டித்தான் ஆக வேண்டுமா என்ற கேள்வி நீதிமன்றம் வரை போனது. 1984இல் ஸ்கமேனியா கவுன்ட்டி வழக்கில் மாநில உச்ச நீதிமன்றம், வருமானம் பெறும் பள்ளிகள், கவுன்ட்டிகள் போன்ற பயனாளிகளுக்கு மட்டுமே விசுவாசமாக இருக்க வேண்டும் என்று துறைக்குச் சொன்னது. பல பத்தாண்டுகள் அந்தத் தீர்ப்பைக் காட்டியே மரம் வெட்டப்பட்டது. 2022இல் வந்த இன்னொரு தீர்ப்பு, வருமானத்தை உச்சத்துக்குக் கொண்டுபோக வேண்டும் என்று கட்டாயம் எதுவும் இல்லை, மாநிலத்தின் எல்லா மக்களின் நலனையும் கருதி முடிவெடுக்கத் துறைக்கு இடமிருக்கிறது என்று சொல்லியது. இரண்டாவது தீர்ப்பின் பக்கம்தான் என் மனசு. ஆனால் கிராமப்புற கவுன்ட்டிகளின் கவலையையும் ஒதுக்கிவிட முடியாது. பெல்வியூ பள்ளிக்கு வரிப்பணம் கொட்டுகிறது. மரத்தை நம்பி இருக்கிற ஒரு சின்ன ஊரின் தீயணைப்பு வண்டிக்கு மாற்றுவழி யார் காட்டுவது? நியாயமான வழி ஒன்று 1989இலிருந்து இருக்கிறது. காக்க வேண்டிய காட்டுக்குச் சட்டமன்றம் பணம் ஒதுக்கி, அறக்கட்டளைக்கு ஈடு செய்துவிட்டு, நிலத்தைப் பாதுகாப்புக்கு மாற்றிக்கொள்வது. அதற்கு இன்னும் நிறையப் பணம் ஒதுக்க வேண்டும் என்பது என் கோரிக்கை.

டிஸ்கவர் பாஸ் எப்படி வந்தது என்பதும் இதோடு சேர்ந்ததுதான். 2008 நிதி நெருக்கடிக்குப் பிறகு மாநிலம் பூங்காக்களுக்குக் கொடுத்துவந்த பொது நிதியை வெட்டித் தள்ளியது. பூங்காக்களை மூடுவதா என்ற பேச்சு எழுந்தது. 2011 ஜூலையில் ஆண்டுக்கு 30 டாலர் என்று பாஸ் வந்தது. அப்போது வந்த பணத்தில் 84 சதவீதம் பூங்காத் துறைக்கு, 8 சதவீதம் டிஎன்ஆருக்கு, 8 சதவீதம் மீன், வனவிலங்குத் துறைக்கு. 30 லட்சம் ஏக்கர் வைத்திருப்பவருக்கு எட்டே சதவீதம். டிஎன்ஆர் பாதைகளில் கழிவறை ஏன் குறைவு என்று கேட்பவர்களுக்கு இதுவே பதில். பாதைகளைச் சீராக வைத்திருப்பதில் தன்னார்வலர்களின் உழைப்பு அவ்வளவு முக்கியம். 1966இல் தொடங்கிய வாஷிங்டன் டிரெயில்ஸ் அசோசியேஷன் வார இறுதிகளில் தலைக்கவசமும் மண்வெட்டியும் கொடுத்து வேலை சொல்லித்தரும். பாதையின் ஓரத்தில் சரிவாக ஒரு வாய்க்கால் வெட்டி, தேங்கி நிற்கிற தண்ணீர் சலசலவென்று இறங்கி ஓடுவதைப் பார்ப்பதில் இருக்கிற திருப்தி வேறு. பாஸ் வாங்கக் கஷ்டப்படுகிறவர்களுக்கு ஒரு தகவல்: பல நூலகங்களில் புத்தகம்போலவே டிஸ்கவர் பாஸையும் இரவல் எடுக்கலாம்.

மலைக்கணவாய்க் காடுகள் பொதுக் கைக்கு வந்தது தனிக் கதை. 1864இல் மத்திய அரசு நார்தர்ன் பசிபிக் ரயில் நிறுவனத்துக்குத் தண்டவாளம் போடுவதற்காக நிலத்தை வாரிக் கொடுத்தது. ஒன்றுவிட்டு ஒரு சதுர மைல் ரயிலுக்கு, நடுவில் இருப்பது அரசுக்கு. வானத்திலிருந்து பார்த்தால் சதுரங்கப் பலகை: ஒரு கட்டம் மொட்டை, ஒரு கட்டம் காடு. அந்தக் கட்டங்களை ஒன்றுசேர்க்க இத்தனை ஆண்டுகளாகப் பணம் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். 1990இல் சிலர் ஸ்னோகுவால்மி கணவாயிலிருந்து கடற்கரை வரை நடந்தே வந்தார்கள், இந்த வழித்தடத்தைக் காக்க வேண்டும் என்று சொல்லி. அடுத்த ஆண்டு அதற்கென்று ஒரு அறக்கட்டளை எழுந்தது. நில மாற்று ஒப்பந்தம், விலைக்கு வாங்குதல், கட்டட உரிமையை மட்டும் வாங்குதல் என்று துண்டு துண்டாகச் சேர்த்தார்கள். 2019இல் அந்த வழித்தடம் தேசிய பாரம்பரியப் பகுதி ஆனது. கணவாயைத் தாண்டி டீனவே பள்ளத்தாக்கில் 2013இல் மாநிலம் ஒரே வாங்கலில் 50,000 ஏக்கர் வாங்கியது. எந்தக் கட்டத்தையும் யாரும் சும்மா கொடுத்துவிடவில்லை.

கடற்கரை விஷயத்தில் மாநிலம் கோட்டைவிட்டது. 1889 முதல் 1971 வரை அலைபடும் கரையையே தனியாருக்கு விற்றுக்கொண்டிருந்தார்கள். அதனால் பியூஜெட் சவுண்ட் என்ற கடற்கழியின் கரையில் நிறைய இடங்களில் ஈரமணலில் நடப்பதுகூட அடுத்தவர் சொத்தில் நடப்பதுதான். பசிபிக் கரை மட்டும் தப்பித்தது.

இதற்கெல்லாம் முன்னால் இன்னொரு சொந்தக்காரர் இருக்கிறார். 1855 ஜனவரியில் மக்கில்டியோவில் கையெழுத்தான பாயின்ட் எலியட் ஒப்பந்தத்தில்தான் இந்தப் பக்கத்து நிலம் பூர்வகுடிகளிடமிருந்து போயிற்று. வழக்கமான இடங்களில் மீன் பிடிக்கவும், திறந்த நிலங்களில் வேட்டையாடவும் பழம் பறிக்கவும் உள்ள உரிமையை அவர்கள் விட்டுக்கொடுக்கவில்லை. ஸ்னோகுவால்மி மக்கள் 2022இல் தங்கள் பழைய காட்டில் 12,000 ஏக்கரை விலை கொடுத்துத் திரும்ப வாங்கினார்கள். அது பொதுமக்களுக்குத் திறந்ததல்ல. முன்பு அங்கே போய்வந்த சிலர் முணுமுணுத்தார்கள். எனக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை.

இந்த நிலங்களுக்கான பணம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் இன்னும் ஆச்சரியம். 1964இல் உண்டான மத்திய நிலம், நீர் பாதுகாப்பு நிதிக்குப் பெரும்பணம் கடலடி எண்ணெய், எரிவாயுக் குத்தகையிலிருந்து வருகிறது. 2020 சட்டப்படி ஆண்டுக்கு 90 கோடி டாலர் நிரந்தரம். 1964இல் அந்த நிதியைக் கொண்டுவர முன்நின்றவர் அப்போது நம் மாநிலத்தின் அமெரிக்க செனட்டராக இருந்த ஹென்றி ஜாக்சன். அதே 1964இல் மாநில வாக்காளர்கள், படகுக்காரர்கள் கட்டும் பெட்ரோல் வரியை நீர்நிலையோர நிலம் வாங்கத் திருப்பிவிட்டார்கள். 1989இல் குடியரசுக் கட்சியின் டேன் எவன்ஸும் ஜனநாயகக் கட்சியின் மைக் லவுரியும் கைகோத்துக் கூட்டணி அமைக்க, அடுத்த ஆண்டே மாநிலத்தின் வனவிலங்கு, பொழுதுபோக்கு நிதித் திட்டம் பிறந்தது. கவுன்ட்டி பூங்காக்களோ சொத்துவரியில் நடக்கின்றன. கிங் கவுன்ட்டி வாக்காளர்கள் 2025 ஆகஸ்டில் அந்த வரியை மறுபடி புதுப்பித்தார்கள்.

அதே 2025 ஜூனில், மேற்கு மாநிலங்களின் மத்திய அரசு நிலத்தில் 20 லட்சம் ஏக்கருக்கு மேல் விற்கலாம் என்று ஒரு திட்டம் அமெரிக்க செனட்டில் வந்தது. வாஷிங்டனும் பட்டியலில் இருந்தது. வேட்டைக்காரர்கள், மலையேறிகள், மீன்பிடிக்கிறவர்கள் எல்லோரும் கட்சி பார்க்காமல் எதிர்த்ததால் மாத முடிவில் திரும்பப் பெற்றார்கள். இந்த முறை தப்பித்தோம்.

நம்மில் பலருக்கு இங்கே வாக்கு இல்லை. விசாவிலும் பச்சை அட்டையிலும் வருஷங்கள் ஓடுகின்றன. வாக்கு இருக்கிறவர்கள் ஒரு எண்ணை நினைவில் வையுங்கள்: டிஎன்ஆரின் தலைவரான மாநில நிலங்களுக்கான ஆணையர் பதவிக்கு 2024இல் நடந்த முதற்கட்டத் தேர்தலில், ஏறத்தாழ 19 லட்சம் வாக்குகள் பதிவாகி, 49 வாக்கு வித்தியாசத்தில்தான் டேவ் அப்தக்ரோவ் இரண்டாம் இடம் பிடித்து இறுதிக்கட்டத்துக்குப் போனார், ஜெயித்தார். ஆணையரானதும் முதிர்ந்த காடுகளின் விற்பனையை நிறுத்தி வைத்தார். 2025 ஆகஸ்டில் அதில் 77,000 ஏக்கரை வெட்டாமல் காக்க உத்தரவு போட்டார்.

வாக்கு இல்லாதவர்களுக்கும் வழி இருக்கிறது. மர விற்பனைகளை அங்கீகரிக்கும் மாநில இயற்கை வள வாரியம் ஒலிம்பியாவில் கூடுகிறது. ஆணையர், பள்ளிக் கல்வித் தலைவர், இரண்டு பல்கலைக்கழகங்களின் சார்பில் வருபவர்கள், கவுன்ட்டிகளின் பிரதிநிதி, ஆளுநர் அல்லது அவர் சார்பில் ஒருவர் என்று ஆறு பேர். கூட்டத்தில் பொதுமக்கள் பேச நேரம் ஒதுக்குகிறார்கள், எழுத்திலும் கருத்து அனுப்பலாம். அங்கே குடியுரிமை கேட்பதில்லை. டைகர் மலையில் வாராவாரம் நடக்கிற குடும்பம் ஒன்று, தங்களுக்குத் தெரிந்த ஒரு பாதையைப் பற்றி, தங்கள் வார்த்தையில், நாலு வரி எழுதிப்போட்டால் அதுவும் பதிவில் ஏறும்.